பெண்குரலுக்கு ஆள் இல்லை

அந்தத் தாளை அவசரப்பட்டு நிரப்பாதீங்கம்மா. நானும் அப்படித்தான் நிரப்பிக் கொடுத்தேன். இதே பெஞ்சுதான். இதே மாதிரி மடியில கைப்பையை வெச்சு, அதுமேல தாளை வெச்சு, அஞ்சு நிமிஷத்துல எழுதி முடிச்சேன். "இவருக்குப் பிடித்த பாடல்கள் பத்து." அதானே மூணாவது கேள்வி? உங்களுக்கு யாரு, அம்மாவா? ம். அம்மாவைப் பத்தி நமக்குத் தெரியாதான்னு நினைப்பீங்க. எனக்கும் அந்த நினைப்புதான். நாப்பத்தி நாலு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன், புருஷனைப் பத்தி எனக்குத் தெரியாதா? அவரு தும்மினா எந்தப் பக்கம் திரும்பித் தும்முவாருன்னு சொல்லுவேன்.

உள்ள பாட்டு ஓடுது பாருங்க, அது முடிய இன்னும் முக்கால் மணி ஆகும். அதுவரைக்கும் ஹசீனா நம்மள உள்ள விடமாட்டா. சொந்தக்காரங்க முகத்தைப் பாத்தா அவங்க கவனம் கலைஞ்சிடுமாம். அந்தப் பொண்ணுதான் இங்க பாட்டுக்கெல்லாம் பொறுப்பு. நல்ல பொண்ணு. மறதி நோய் வந்தவங்களுக்கு எல்லாம் போனாலும் பழகின பாட்டு மட்டும் கடைசி வரைக்கும் போகாதுன்னு சொல்லுவா. பேரு போயிடும், பிள்ளைங்க முகம் போயிடும், பாட்டு நிக்குமாம். அது உண்மைதான். அந்த உண்மைதான் என்னைக் கொன்னுது.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? பத்துக் கோட்டையும் விட்டுட்டு குறுக்கால ஒரே வரி. "இவருக்குப் பாட்டு ஆகாது. கேட்டால் தலைவலி வரும். தயவுசெய்து போட வேண்டாம்." கீழ என் கையெழுத்து, மங்கையர்க்கரசி வைத்திலிங்கம். தயவுசெய்துங்கிறதுக்குக் கீழ கோடு வேற போட்டேன். ஹசீனா படிச்சிட்டு, "பாட்டே பிடிக்காதவங்க யாராச்சும் இருப்பாங்களாம்மா?"ன்னு கேட்டா. "இருக்காரே, எங்க வீட்டுல"ன்னேன். கொஞ்சம் பெருமையாவே சொன்னேன்னு இப்ப தோணுது. இல்ல, பெருமையில்ல. நமக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்றப்ப ஒரு குரல் வரும் பாருங்க, அது.

இருங்க, நீங்க அப்புறம் சொல்லுங்க. நான் மொதல்லேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எனக்கு ஊரு கும்பகோணம். நான் பாடுவேன். சும்மா வீட்டுல பாடுறதில்ல, ஏழு வருஷம் முறையா கத்துக்கிட்டேன். பள்ளிக்கூடத்துல யாரு பெரிய மனுஷங்க வந்தாலும் கடவுள் வாழ்த்துக்கு என்னைத்தான் நிறுத்துவாங்க. மாவட்டத்துல மொதப் பரிசு ரெண்டு தடவை. ரேடியோ நிலையத்துலேர்ந்து குரல் சோதனைக்கு வரச்சொல்லிக் கடுதாசி வந்த மாசந்தான் கல்யாணம் நிச்சயமாச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப அவங்க அம்மா பாடச் சொன்னாங்க. பாடினேன். அவங்க அம்மா கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்க. மாப்பிள்ளை தரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. கூச்சம்னு நினைச்சேன்.

திருச்சிக்கு வந்து பத்து நாளோ பதினஞ்சு நாளோ. உறையூர்ல வாடகை வீடு. ரசத்துக்குத் தாளிச்சிக்கிட்டே ஏதோ முணுமுணுத்துக்கிட்டிருந்தேன். வாசக்கால்ல வந்து நின்னாரு. ரெண்டு விரலால நெத்திப்பொட்டை அமுக்கிக்கிட்டு, "மங்கை, தப்பா எடுத்துக்காதே. பாட்டுச் சத்தம் கேட்டா எனக்கு மண்டைக்குள்ள குடையுது. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்"னாரு. எவ்வளவு மெதுவாச் சொன்னாரு தெரியுமா. அதட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பாவம்னு இருந்துச்சு எனக்கு. இப்படி ஒரு குறையா ஒரு மனுஷனுக்குன்னு.

அன்னையோட நிறுத்தினேன். எங்க வீட்டுலேர்ந்து கொண்டாந்த ரேடியோவை அவரு தங்கச்சிக்குக் கொடுத்துட்டோம். பொண்ணு பொறந்தா, மீனலோசனி, ஒரே பொண்ணு. அவளுக்குத் தாலாட்டு கூட வாயை மூடிக்கிட்டு ம்ம்ம்னுதான். தெருவுல கல்யாணம் காட்சின்னு ஸ்பீக்கர் கட்டினா, ஜன்னலெல்லாம் சாத்திட்டு, அவரு நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பேன். கண்ணை மூடிப் படுத்திருப்பாரு. உதடு மட்டும் அசையும். வலியில முனகறாருன்னு நினைச்சேம்மா நான்.

மத்தபடி தங்கமான மனுஷன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. கூட்டுறவு சங்க ஆபீஸ்ல கிளார்க். குடி கிடையாது, சீட்டு கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு. சனிக்கிழமை மட்டும் யூனியன் கூட்டம்னு போவாரு, எட்டரைக்கு வந்துடுவாரு. முப்பத்தஞ்சு வருஷம் சனிக்கிழமை தவறாம யூனியன் கூட்டம். ரிடையர் ஆனப்புறமும் போனாரு. ரிடையர் ஆனவருக்கு என்ன யூனியன்னு நான் கேக்கலை பாருங்க. கேட்டிருக்கணும்.

அப்புறம் நோய் வந்துச்சு. அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மொதல்ல சாவி, அப்புறம் தெரு, அப்புறம் நான். பேச்சு ஒண்ணொண்ணாக் குறைஞ்சு, "வேணாம்"ங்கிற ஒரு வார்த்தையில வந்து நின்னுச்சு. சாப்பிட வேணாம், குளிக்க வேணாம், படுக்க வேணாம். குளிக்க வெக்கிறதுதான் பெரும்பாடு. வாளியைப் பாத்தாலே கையை ஓங்குவாரு. லோசனி பெங்களூர்லேர்ந்து நெட்டுல தேடி இந்த இடத்தைக் கண்டுபிடிச்சா. காலையில பத்துக்குக் கொண்டாந்து விட்டுட்டு நாலு மணிக்குக் கூட்டிட்டுப் போவேன்.

ஏழு மாசம். நான் எழுதிக் கொடுத்ததைப் பாத்து, பாட்டு நேரத்துல அவரை மட்டும் பின்னாடி ரூம்ல தனியா உக்கார வெச்சாங்க. கதவைச் சாத்தி, ஒரு ஆயாவைத் துணைக்குப் போட்டு. ஏழு மாசம் அந்த மனுஷன் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான்தான் உக்கார வெச்சேன். அவரு சொன்னதை நான் நம்பினதால.

ஆவணி மாசம் அந்தப் பின்னாடி ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாங்க. வாடை ஆகாதுன்னு அவரையும் ஹாலுக்குக் கொண்டாந்துட்டாங்க. அன்னைக்கு நான் கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன். இதோ இந்தக் கதவு பாதி திறந்திருந்துச்சு. உள்ள பழைய டூயட் ஒண்ணு ஓடுது. எந்தப் பாட்டுன்னு கேக்காதீங்க, அதை நான் யாருக்கும் சொல்றதில்ல. ஆண்குரல் ஒரு வரி கேக்கும், பெண்குரல் பதில் சொல்லும், அந்த மாதிரிப் பாட்டு. ஸ்பீக்கர்ல ஒரு குரல் பாடுது. கூடவே இன்னொரு குரல். சரியா, எடுப்பா, மூச்சு எடுக்கிற இடத்துல மூச்சு எடுத்து. ஹசீனா யாரையோ பாடகரைக் கூட்டியாந்திருக்கா போலன்னு எட்டிப் பாத்தேன்.

எங்க வீட்டுக்காரரு.

நிமிந்து உக்காந்திருக்காரு. வலது கை தொடையில தாளம் போடுது. பேச மறந்த மனுஷன் சரணம் பூரா ஒரு சொல்லு விடாமப் பாடுறாரு. அதுகூடப் போகட்டும். பெண்குரல் வர்ற இடத்துல நிறுத்திட்டு, பக்கவாட்டுல திரும்பி, காத்திருக்காரு. கையை லேசா நீட்டி, நீங்க பாடுங்கங்கிற மாதிரி. அந்த வரி முடிஞ்சதும் தன் வரியைப் பிடிச்சிக்கிறாரு. ஒருத்தருக்குப் பாட்டு தெரியுங்கிறது வேற. இன்னொருத்தரோட சேர்ந்து பாடிப் பழகியிருக்கிறது வேற. எனக்கு அது தெரியாதா?

ஹசீனா அழுதுட்டா. போன்ல பிடிச்சதை என்கிட்ட காட்டிக் காட்டி, "பாருங்கம்மா, ஐயா எப்படிப் பாடுறாரு பாருங்கம்மா"ங்குறா. அன்னைக்கு அவரா எடுத்து இட்லி சாப்பிட்டாராம். அதுக்காகவாச்சும் நான் சந்தோஷப்பட்டிருக்கணும். "தலைவலி வந்துச்சா?"ன்னு கேட்டேன். அதுதான் என் வாயில வந்துச்சு. அவ என்னை ஒரு மாதிரிப் பாத்தா.

அவதான் ஒரு சின்னப் பாட்டு மிஷினும் காதுல மாட்டுறதும் கொடுத்தா. "ஐயா யாரோட பாடினாருன்னு தெரிஞ்சா, அந்தப் பாட்டையெல்லாம் இதுல ஏத்திடலாம்மா. அவரு சிநேகிதங்க யாரையாச்சும் கேளுங்க"ன்னா.

எனக்கு என்ன தோணியிருக்கும்னு நினைக்கிறீங்க? பொம்பளைன்னுதான் தோணுச்சு. டூயட் பாடினவன் தனியாவா பாடியிருப்பான்? வீட்டுக்குப் போயி பீரோவைக் கொட்டிக் கவுத்தேன். பழைய டைரி அத்தனையும் பாத்தேன். ஒரு பொம்பள பேரும் இல்ல. சனிக்கிழமை தேதிக்கெல்லாம் "இ.ராஜ்"னு மட்டும் எழுதியிருந்துச்சு. ஒரு டைரியோட கடைசிப் பக்கத்துல இருதயராஜ், பாலக்கரைன்னு போன் நம்பர்.

பாலக்கரையில அச்சாபீஸ் வெச்சிருந்தவராம். இப்ப பொன்மலைப்பட்டியில மகன் வீட்டுல இருக்காரு. எம்பது வயசிருக்கும். கண்ணு சரியாத் தெரியலை. "வைத்தி சம்சாரமா?"ன்னு கேட்டவரு கொஞ்சம் பயந்த மாதிரி நிமிந்து உக்காந்தாரு. மருமகளைக் கூப்பிட்டு, உள்ள ஓடிக்கிட்டிருந்த டிவியை நிறுத்தச் சொன்னாரு.

"எதுக்குண்ணே நிறுத்துறீங்க?"

"உனக்குப் பாட்டு ஆகாதேம்மா. வைத்தி சொல்லியிருக்கான்."

எனக்கு மொதல்ல புரியலை.

"எனக்கா?"

"பாட்டுச் சத்தம் கேட்டா நீ சாமான் செட்டைத் தூக்கி எறிவேன்னு சொல்லுவான். உன்னைக் குறை சொல்லலைம்மா, சில பேருக்கு அப்படி ஒடம்பு. அதனாலதான் நாங்க யாரும் உங்க வீட்டுப் பக்கமே வந்ததில்ல. உன் பொண்ணு கல்யாணத்துக்குக் கூட மண்டபத்து வாசல்ல மொய் எழுதிட்டுத் திரும்பிட்டோம்."

அவரு எவ்வளவு மரியாதையாச் சொன்னாருங்குறீங்க. நான் தண்ணி கேட்டேன். குடிச்சிட்டு, "நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்கண்ணே சனிக்கிழமை?"ன்னு கேட்டேன்.

அச்சாபீஸ் மாடியில ஆர்மோனியம், தபேலா, ஏழெட்டுப் பேரு. ஆறு மணிக்கு ஆரம்பிச்சா எட்டு வரைக்கும் சினிமாப் பாட்டு. வெளியில கச்சேரின்னா மத்தவங்க போவாங்க, இவரு மட்டும் வரமாட்டாராம். வீட்டுக்குத் தெரிஞ்சா மங்கை உயிரை எடுத்துடுவான்னு சொல்லுவாராம். ஆனா மாடியில அவருதான் ராஜாவாம். "வைத்தி பாடினா தெருவுல சைக்கிள் நிக்கும்மா"ன்னாரு.

"டூயட்ல பொம்பளக் குரல் யாருண்ணே?" அதைக் கேக்கத்தானே போனேன்.

அவரு சிரிச்சாரு. "அதுதாம்மா எங்க கஷ்டம். ஆளே கிடைக்கலை. ஆரம்பத்துல என் தங்கச்சி ரெண்டு வருஷம் பாடினா, கல்யாணம் ஆகிப் போயிட்டா. அப்புறம் ஒரு டீச்சர், மாத்தலாகிப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் பெண்குரலுக்கு ஆளில்ல. நான்தான் கள்ளக்குரல்ல கீச்சு கீச்சுன்னு பாடுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. எத்தனை பேருகிட்ட சொல்லி வெச்சோம் தெரியுமா, பாடத் தெரிஞ்ச ஒரு பொம்பளப் பிள்ளை இருந்தா சொல்லுங்கன்னு. வைத்திகிட்டயும்தான் கேட்டோம். எனக்குத் தெரிஞ்சு யாருமில்லைன்னுட்டான்."

அப்ப நான் உறையூர்ல இருந்தேம்மா. அங்கேர்ந்து பாலக்கரை எவ்வளவு தூரம்? டவுன் பஸ்ல கா மணி நேரம். ஏழு வருஷம் கத்துக்கிட்ட பாட்டோட, மாவட்ட மொதப் பரிசோட, வாயை மூடிக்கிட்டு ரசம் வெச்சுக்கிட்டு இருந்தேன். அங்க ஒரு மீசைக்காரரு கீச்சுக் குரல்ல என் வரியைப் பாடிக்கிட்டிருந்திருக்காரு.

ஒரு பொம்பளைன்னு சொல்லியிருந்தாருன்னா அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், ரெண்டு வருஷத்துல ஆறியிருக்கும். இதுக்கு என்ன பண்றது? முப்பத்தஞ்சு வருஷம் பாலக்கரையில என் பேர்ல ஒரு ராட்சசி இருந்திருக்கா. சாமானைத் தூக்கி எறியிறவ. எனக்கே தெரியாது.

அண்ணன் நினைவுலேர்ந்து சொல்லச் சொல்ல மருமகப் பொண்ணு நாப்பது பாட்டு எழுதிக் கொடுத்துச்சு. வாங்கி பைக்குள்ள வெச்சேன். ஹசீனா மறுநாள் கேட்டா. யாரையும் கண்டுபிடிக்க முடியலைன்னேன்.

இல்லம்மா, வேணும்னு செய்யலை. கேளுங்க. அப்ப ஐப்பசி, மழை ஆரம்பிச்சிடுச்சு. மழையில அவரைக் கூட்டிக்கிட்டு வந்து போறது கஷ்டம், சளி பிடிச்சிடும். அதனால வீட்டுலயே வெச்சிக்கிட்டேன். அந்த மிஷினோட சார்ஜர் எங்கயோ போயிடுச்சு. எங்கயோன்னா, அரிசி டின்னுக்குப் பின்னாடி. கண்ணுக்குப் படாம வெச்சிருந்தேன், பத்திரமா இருக்கட்டுமேன்னு. அப்புறம், பாட்டு கேட்டா அவரு படபடன்னு ஆயிடுறாரு, அது இதயத்துக்கு நல்லதில்லைன்னு டாக்டரு... டாக்டரு நேரா அப்படிச் சொல்லலை. படபடப்பு ஆகக்கூடாதுன்னு பொதுவாச் சொல்லியிருக்காருல்ல.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மூணு மாசத்துல ஆளு பாதியாயிட்டாரு. தட்டைத் தள்ளிவிடுவாரு. ஒரு நாள் என் மணிக்கட்டைப் பிடிச்சு முறுக்கி, இங்க பாருங்க, இன்னும் தடிப்பு இருக்கு. சில சமயம் தொடையில தாளம் போடுவாரு. ரெண்டு தட்டு தட்டிட்டு, எங்கயோ பாத்துக்கிட்டு, பாட்டு வராம நிறுத்திடுவாரு. நான் பாத்துக்கிட்டு இருப்பேன். என் வாயை நான் எத்தனை வருஷம் மூடியிருப்பேன்? மூணு மாசம் பெரிசா?

பொங்கலுக்கு லோசனி வந்தா. அப்பாவைப் பாத்ததும் அவளுக்கு முகமே மாறிப்போச்சு. "ஹசீனா கொடுத்த மிஷின் எங்கம்மா?"ன்னு கேட்டா. சார்ஜர் காணோம்னேன். அடுப்படிக்குள்ள போனவ அரை மணியில எடுத்துக்கிட்டு வந்துட்டா. சின்னதுலேர்ந்தே அவளுக்கு நான் ஒளிச்சு வெக்கிற இடமெல்லாம் தெரியும்.

உக்கார வெச்சு அத்தனையும் சொன்னேன். இருதயராஜ் அண்ணன் சொன்னது, ராட்சசி, கீச்சுக் குரல், எல்லாம். அவ எனக்காக அழுவான்னு நினைச்சேன். அமைதியாக் கேட்டுட்டு, "மூணாங்கிளாஸ்ல நான் பாட்டு கிளாஸ் போகணும்னு அழுதேனே, யாரும்மா வேணாம்னது?"ன்னா.

"உங்க அப்பாவுக்குத் தலைவலின்னுதான்..."

"அப்பா வேணாம்னு சொன்னாரா? அவருகிட்ட நீ கேட்டியா? நீதான்மா வேணாம்னே. டீச்சர் வீட்டு வாசல்லேர்ந்து என்னைத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்தே."

இதுல என் தப்பு என்ன இருக்கு சொல்லுங்க. அவரு பொய் சொன்னாரு, நான் நம்பினேன். நம்பினவ மேல எப்படிம்மா தப்பு வரும்? அதை அவளுக்குப் புரிய வெக்கவே முடியலை. மிஷினுக்கு சார்ஜ் போட்டு வெச்சிட்டு, ரெண்டு நாள்ல ஊருக்குப் போயிட்டா. போறப்ப, "நீ போடலைன்னா நான் அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன்"னுட்டுப் போனா.

அதுக்கப்புறம் ஒரு வாரம் இருக்கும். மூணு நாளா குளிக்கலை அவரு. காலையில வெந்நீர் விளாவி வெச்சிட்டு, எப்படியோ பாத்ரூம் வரைக்கும் கொண்டாந்து ஸ்டூல்ல உக்கார வெச்சிட்டேன். சட்டையைக் கழட்ட விடமாட்டேங்குறாரு. சொம்பைத் தட்டி விட்டாரு. எனக்கும் அறுபத்தேழு வயசாகுது, எத்தனை தடவை குனிஞ்சு நிமிர்றது? அப்படியே ஈரத்தரையில உக்காந்துட்டேன். சுவத்துல சாஞ்சிக்கிட்டேன். குழாய் மட்டும் சொட்டுது.

மிஷின் உள்ள மேசை மேலதான் இருந்துச்சு. எழுந்துபோய் எடுத்திருக்கலாம். எழுந்திருக்கத் தெம்பில்ல. அதனாலதான் பாடினேன். வேற எதுக்காகவும் இல்ல.

அன்னைக்குக் கேட்ட டூயட்ல பெண்குரல் வரியைத்தான் எடுத்தேன். என்ன குரல் வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? துருப்பிடிச்ச கதவு மாதிரி. ரெண்டாவது வரியில உடைஞ்சிடுச்சு. நிறுத்திட்டு, எச்சில் முழுங்கிட்டு, மறுபடி எடுத்தேன். மூணாவது தடவை சுருதி நின்னுச்சு. பாத்ரூம் சுவரு நல்லா எதிரொலிக்கும், தெரியுமா? எனக்கே நான் கேட்டேன். நாப்பத்தி நாலு வருஷம் கழிச்சு.

அவரு தலை திரும்புச்சு. கை தொடைக்குப் போச்சு. தன் வரி வந்ததும் எடுத்தாரு பாருங்க, ஒரு இம்மி பிசகாம. நான் என் வரி, அவரு அவரு வரி. பாடிக்கிட்டே சட்டை பட்டனை அவிழ்த்தேன், கையைத் தூக்கிக் கொடுத்தாரு. பாடிக்கிட்டே தண்ணி ஊத்தினேன். சோப்பு போட்டேன். பாட்டு முடியறப்ப துண்டால தலையைத் துவட்டிக்கிட்டிருந்தேன்.

துண்டுக்குள்ளேர்ந்து நிமிந்து என்னைப் பாத்தாரு. பாத்தது எப்படின்னா, ஒரு புது ஆளை, மரியாதையா.

"நீங்க எந்த ஊரும்மா?"

அவரு வாயிலேர்ந்து முழுசா ஒரு வாக்கியம் வந்து ஒரு வருஷம் இருக்கும்.

"கும்பகோணம்"னேன்.

"எங்க வீட்டுலயும்... கும்பகோணம்தான்."

"அவங்க பாடுவாங்களா?"

கதவுப் பக்கம் ஒரு தடவை பாத்துட்டு, குரலைத் தாழ்த்தி, "பாடுவா. பொண்ணு பாக்கப் போனப்ப பாடினா"ன்னாரு. "அவ பாடினா... அப்புறம் என்னை யாரு கேப்பா?"

துண்டு என் கையிலயே இருக்கு. தலையிலேர்ந்து தண்ணி சொட்டுது அவருக்கு.

"நீங்க வாங்க, சனிக்கிழமை. பாலக்கரை. பெண்குரலுக்கு ஆளில்ல"ன்னாரு. ஒரு நிமிஷம் கழிச்சு, "வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன்னேன்.

அவ்வளவுதாம்மா. அதுதான் காரணம். ஆசைநாயகி இல்ல, வியாதி இல்ல. நான் நல்லாப் பாடிட்டேன், அதுதான். அன்னைக்கு அவங்க அம்மா கண்ணைத் துடைச்சாங்கன்னு சொன்னேனே, அந்த நேரத்துல அவரு மனசுல ஒரு கதவைச் சாத்தித் தாப்பாள் போட்டிருக்காரு. கேட்டிருந்தா நான் ரெண்டு படி கீழ இறங்கிப் பாடியிருப்பேன். சத்தியமா. பொம்பளைங்களுக்கு அது தெரியாதா? ஆனா அவரு கேக்கலை.

அப்புறம் தை மாசத்துலேர்ந்து மறுபடி இங்க கூட்டியாறேன். லிஸ்டை ஹசீனாகிட்ட கொடுத்துட்டேன். நாப்பது பாட்டும் மிஷின்ல இருக்கு. தட்டைத் தள்ளிவிடுறதில்ல, கையை ஓங்குறதில்ல. லோசனி வாரா வாரம் வீடியோவுல பாக்குறா, "பாத்தியா, அப்பா எப்படித் தேறிட்டாரு"ங்குறா. தேறலைம்மா, நோய் தேறாது. ஆனா சிரிக்கிறாரு.

நான் யாருன்னு அவருக்கு இன்னும் தெரியாது. காலையில என்னைப் பாத்ததும் "வாங்க, உக்காருங்க"ங்குறாரு. பொண்டாட்டியா இருந்தப்ப ஒரு நாளும் வாங்கன்னு சொன்னதில்ல. தினமும் குளிக்கிறப்ப ரெண்டு பேரும் மூணு பாட்டு பாடுறோம். என் குரலும் இப்ப கொஞ்சம் திரும்பி வந்துடுச்சு. எல்லாம் அவரை உத்தேசிச்சுத்தான், எனக்கு என்ன இனிமே. பக்கத்து வீட்டம்மா சுவத்துகிட்ட வந்து நின்னு கேக்குறாங்களாம்.

துவட்டி முடிச்சதும் தினமும் ஒண்ணு கேப்பாரு. சின்னப் பிள்ளை மார்க் கேக்குற மாதிரி முகத்தை வெச்சிக்கிட்டு. "நான் எப்படிப் பாடினேன்?"

"இன்னைக்குக் கொஞ்சம் சுருதி விலகிடுச்சு"ன்னு சொல்லுவேன்.

முகம் அப்படியே சுண்டிப் போயிடும். தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. நான் வேஷ்டியைக் கட்டி விட்டு, நெத்தியில விபூதி வெச்சு, சட்டை மாட்டி விடுவேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "பரவாயில்ல, நாளைக்குச் சரியாப் பாடுவீங்க"ன்னு சொன்னாத்தான் தலை நிமிரும்.

விலகலைம்மா. ஒரு நாளும் விலகினதில்ல. நல்லாத்தான் பாடுறாரு.